சுத்தமான டைரி

பத்து மணிக்கு ஊசி, இப்போது எட்டே முக்கால்தான் ஆகிறது, இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இந்தக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும், சும்மா இருப்பதுதான் எனக்கு ஆகாத வேலை. இடது புறங்கையில் பிளாஸ்டிக் ஊசியைச் செருகி மேலே பட்டையாக டேப் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள் ஷர்மிளா. மருந்து போட்ட பிறகு மணிக்கு ஒரு தடவை இரத்தம் எடுப்பார்கள், ஒவ்வொரு தடவையும் குத்த வேண்டாமே என்று இந்த ஏற்பாடு. விரலை மடக்கினால் உள்ளே எதுவோ இடறுகிறது, மடக்காதீர்கள் என்று சொன்னதிலிருந்து விரல் மடங்கத்தான் பார்க்கிறது. எனக்கு நரம்பு கிடைப்பது லேசில்லை, சதை மூடிக் கிடக்கிறது. முதல் நாள் வேறொரு நர்ஸ் நாலு இடத்தில் குத்திவிட்டு என்னையே முறைத்தாள், நான் நரம்பை வீட்டில் வைத்துவிட்டு வந்தவள் போல. ஷர்மிளா அப்படியில்லை. சுடுதண்ணீரில் நனைத்த துணியை என் கையில் சுற்றி, அந்தக் கையைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்து, "வந்துட்டாரும்மா" என்றாள், வெளியூர் போன பெரிய மனிதர் யாரோ திரும்பியது போல. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அந்தப் பெண்ணிடம் நான் மூன்று வாரமாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய் இதோ என் மடியில் இருக்கிறது, நீல அட்டை போட்ட டைரியாக, ஒன்பதே முக்காலுக்கு வந்து வாங்கிக்கொள்வாள். மாவை என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜில் வைத்தாரா. வைத்தார், நான்தான் பார்த்தேனே, ஆறு மணிக்கு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு வைத்தார், ஆனால் அவருக்குப் புளித்த மாவும் புளிக்காத மாவும் ஒரே வாசம்தான், மோட்டார் ரிப்பேர் கடைக்காரர், காயில் கருகின வாசம் ஒன்றுதான் அவருக்கு அடையாளம் தெரியும்.

மாவுதான் என் பிழைப்பு, எங்கள் வீதியில் இருபது வீட்டு இட்லி என் கையால் ஆவது. கிரைண்டர் பக்கத்தில் நின்றபடியே மூக்கால் பதம் சொல்லுவேன், புளிப்பு ஏறிவிட்டதா, இன்னும் ஒரு மணி நேரம் வெளியில் இருக்கலாமா என்று. இரண்டாவது ஊசி போட்ட வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, ராத்திரி டப்பாவைத் திறந்தேன், அந்த வாசம் வந்து வயிற்றைக் கையால் பிடித்துப் பிழிந்த மாதிரி இருந்தது, பாத்ரூம் போவதற்குள் வாந்தி. முப்பது வருடமாகச் சோறு போட்ட வாசம். ஷர்மிளா முதல் நாளே விளக்கியிருந்தாள், நாம் சாப்பிட்டதும் குடலே ஒரு ஹார்மோனைச் சுரக்குமாம், அது மூளைக்குப் போய், போதும் என்று சொல்லுமாம், அதே ஹார்மோனைப் போலச் செய்ததுதான் இந்த மருந்து, அது கொஞ்சம் பலமாகச் சொல்லும், அவ்வளவுதான் என்றாள். இன்னும் கடைக்கு வராத மருந்து. என்னைப் போல நூறு கிலோவைத் தாண்டியவர்களின் உடம்பு இதை எந்த அளவு வரைக்கும் தாங்குகிறது என்று பார்ப்பதற்குத்தான் இந்த ஆராய்ச்சி, நாலு வாரத்துக்கு ஒரு அளவு, தாங்கினால் அடுத்த அளவு. எங்களில் சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் தண்ணீர், யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். சம்மதம் சொன்னதைக்கூட வீடியோ எடுத்தார்கள். வீடியோ என்றதும் நான் மகன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு போனேன், ஷர்மிளா காகிதம் முழுவதையும் வாசித்து, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள், உடம்புக்கு எது செய்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும், புரிந்ததா என்று கேட்டாள். புரிஞ்சுதுங்க என்று கேமராவைப் பார்த்துச் சொன்னேன். பட்டுச்சேலையில் சொன்ன வார்த்தை.

வேண்டுமென்று செய்யவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கே டைரி எழுதி முடித்துவிட்டிருந்தேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல் என்று கட்டம் கட்டமாக இருக்கும், இல்லையென்றால் பூஜ்யம், இருந்தால் எவ்வளவு என்பதற்கு ஒன்று முதல் மூன்று வரைக்கும் எண், கடைசியில் 'வேறு ஏதாவது' என்று ஒரு பெரிய கட்டம், அதில் நான் எதுவும் எழுதுவதில்லை, என்னத்தை எழுத. எட்டு மணிக்கு மேல் வாந்தி. போய்த் திருத்தியிருக்கலாம். ஆனால் அதற்கு முந்தைய வாரம்தான் ஷர்மிளா டைரியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "துளசிம்மா, எவ்வளவு சுத்தமா எழுதியிருக்கீங்க, மத்தவங்களுதெல்லாம் பாருங்க, கோழி கிளறின மாதிரி" என்று சொல்லி, பக்கத்தில் இருந்த பெண்ணுக்கும் எடுத்துக் காட்டினாள். ஏழாவது படிக்கும்போது கணக்கு டீச்சர் என் நோட்டை இப்படித்தான் தூக்கி வகுப்புக்கே காட்டினார், அந்த வருடப் பரீட்சைக்கு நான் போகவில்லை, பஞ்சு மில்லுக்குப் போய்விட்டேன், ஒரே நாளில் நோட்டும் போய்ப் பஞ்சுத்தூசிதான் மூக்கில். அங்கே சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம், மெல்லுவதற்கு ஏது நேரம், விழுங்கிப் பழகினேன், இன்றைக்கும் விழுங்கத்தான் செய்கிறேன், என் உடம்பில் பாதி அந்தப் பத்து நிமிடத்தில் வந்ததுதான் என்று நினைத்துக்கொள்வேன். அதற்கப்புறம் என் எழுத்தை யார் பார்த்தார்கள், மாவு டப்பாவில் தேதி எழுதுவதை யாராவது பார்ப்பார்களா. அந்தப் பக்கத்தை அடித்துக் கிறுக்க மனம் வரவில்லை. ஒரு நாள்தானே, வாசம் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டேன். வியாழக்கிழமை மறுபடி. செவ்வாய் இல்லாமல் வியாழன் மட்டும் எழுதினால் கேள்வி வராதா, அதனால் அன்றைக்கும் பூஜ்யம். அப்புறம் பூஜ்யம் போடுவது சுலபமாகிவிட்டது, கை தானாக வட்டம் போடும், வட்டமும் நன்றாக வந்தது. இன்னொன்றும் இருக்கிறது, யாரிடமும் சொன்னதில்லை. வாந்தி என்று எழுதினால் மருந்துக்குக் கெட்ட பெயர் வரும், அந்தப் பெண் இவ்வளவு பாடுபட்டுக் கையைத் தேய்த்துவிடுகிறாள், அவள் மருந்து தோற்றுப்போக நான் காரணமாக இருப்பதா என்று நினைத்தேன். அவள் மருந்தா அது. என் புத்தி அப்படிப் போயிற்று.

பக்கத்துக் கட்டிலில் ஜமீலா அக்கா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார், தூங்கவில்லை, கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு நகர்கிறது, மனதுக்குள் ஏதோ ஓதுகிறார். உக்கடத்தில் தையல்காரி, ஜாக்கெட் தைத்தால் ஊரே தேடி வரும், தன் அளவுக்கு மட்டும் டேப் பத்தாது என்று தானே சொல்லிச் சிரிப்பார். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஊசி ஆரம்பித்தது. அவருக்குக் குமட்டல் வந்தது, வந்ததை வந்தபடி எழுதினார், ஒன்று, இரண்டு, ஒரு நாள் மூன்று. மூன்று போட்ட அன்றைக்கு எனக்கு ஃபோன் செய்து, "உனக்கு எப்படிம்மா இருக்கு" என்று கேட்டார், நான் அப்போதுதான் வாய் கொப்பளித்துவிட்டு வந்திருந்தேன், வாயில் இன்னும் கசப்பு, "எனக்கு ஒண்ணுமே இல்லக்கா, ஜம்முனு இருக்கறேன்" என்றேன். "அப்ப என் உடம்புதான் சரியில்ல போல" என்று வைத்துவிட்டார். இன்று காலை எடை பார்க்கும் இடத்தில் டாக்டர் அவரிடம், உங்களோடு ஆரம்பித்தவருக்குத் தொந்தரவு எதுவும் பதிவாகவில்லை, உங்களுக்கும் போகப் போகப் பழகிவிடும், இன்றைக்கு அடுத்த அளவுக்குப் போகலாம் என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அடுத்த அளவு என்றால் இரட்டிப்பு. உங்களோடு ஆரம்பித்தவர் என்றால் நான். அக்கா தலையை ஆட்டிக்கொண்டார், திட்டு வாங்கிய பிள்ளை ஆட்டுகிற மாதிரி, அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ இரும்பு, நான் வெறும் தகரம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன். வீட்டில் தனி ஆள் அவர், மூன்றுக்கே நாள் முழுக்க எழுந்திருக்கவில்லையாம், இரட்டிப்புக்கு என்ன ஆகும், மயங்கி விழுந்தால் தையல் மெஷின்மேல்தான் விழ வேண்டும், அவ்வளவு சின்ன அறை, யார் வந்து கதவைத் தட்டுவார்கள், துணி கொடுத்தவர்கள் தட்டுவார்கள், தட்டிப் பார்த்துவிட்டுக் கடை இல்லை என்று போய்விடுவார்கள்.

சொல்லிவிட வேண்டியதுதான். சொன்னால் என்ன செய்வார்கள், பொய் சொன்னவள் என்று அனுப்பிவிடுவார்கள், சரி, போகட்டும், ஆனால் முட்டி. எடை தொண்ணூறுக்கு வந்தால்தான் முட்டியில் ஆபரேஷனுக்குக் கை வைப்பேன் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருக்கிறார், நூற்றுநாலில் ஆரம்பித்தேன், இன்று காலை தொண்ணூற்றெட்டு. தாங்கினேன் என்றல்லவா எழுதியிருக்கிறேன், எழுதாவிட்டாலும் தாங்கத்தானே செய்தேன், கொஞ்சம் வாந்தி, அவ்வளவுதானே. எனக்கு அவ்வளவுதான், ஆனால் அக்காவுக்கு என்ன ஆகும். அது போக ஒவ்வொரு வாரமும் ஷர்மிளா பார்த்துப் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், என் பூஜ்யத்துக்குக் கீழே அவள் பெயர் இருக்கிறது, நான் சொன்னால் அவளுக்கல்லவா ஏச்சு விழும், மெலிந்த கழுத்து, பெரியவர்கள் அதட்டினால் காது சிவந்துவிடும், பார்த்திருக்கிறேன். சொல்லாவிட்டால் அக்கா, சொன்னால் ஷர்மிளா. ஒன்பது பத்து. கடிகாரத்தின் விநாடி முள் ஒவ்வொரு தடவையும் ஒரு துடிப்பு பின்வாங்கிவிட்டு முன்னால் போகிறது, அதற்கும் மனமில்லை. வீட்டுக்காரர் கீழே டீக்கடையில் நின்றுகொண்டிருப்பார், டீ குடித்திருக்க மாட்டார், நான் வெறும் வயிற்றில் இருக்கும்போது அவர் வாயில் எதுவும் வைப்பதில்லை, இந்த நாலு வாரத்தில் எனக்கு ஆறு கிலோ குறைந்தது, எந்த ஊசியும் போடாமல் அவருக்கு மூன்று கிலோ குறைந்துவிட்டது. தட்டில் நான் ஒரு இட்லியோடு நிறுத்தினால் அவரும் இரண்டாவதைத் திருப்பி வைத்துவிடுகிறார். ஏனுங்க, நீங்க சாப்புடுங்க என்றால், "எனக்கும் அந்த ஊசி காத்துல வந்துருச்சு போல" என்கிறார். காலையில் டிவிஎஸ்ஸில் வரும்போதுகூட, மேம்பாலம் ஏறுகையில் வண்டி முக்காமல் போயிற்று, "பாரு துளசி, வண்டிக்கே தெரிஞ்சுருச்சு, ஆறு கிலோ" என்றார், முதுகில் தலையை வைத்துக்கொண்டேன், அந்தச் சட்டையில் வார்னிஷ் வாசம், அந்த ஒரு வாசம் மட்டும் எனக்குக் குமட்டவில்லை, ஆராய்ச்சியில் இதையும் கேட்டால் சொல்லியிருப்பேன். வாந்தி எடுக்கும்போதெல்லாம் கதவுக்கு வெளியே நின்று, "நெம்ப சங்கட்டமா இருக்குதா" என்று கேட்பார், அப்புறம், "டைரியில எழுதிட்டியா" என்பார். எழுதிட்டனுங்க என்பேன். இரண்டாவது பொய் அது, முதல் பொய்யைவிடக் கனம். மூன்று நாள் முன்னால் இந்த டைரி மேஜைமேல் கிடந்தது, குளித்துவிட்டு வந்து பார்த்தால் இருந்த இடத்தைவிட்டு ஒரு சாண் தள்ளி இருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், எப்போதும் கொடுப்பதுதான்.

மூக்கு ஒழுகுகிறது, இந்த ஏசி ஆகவில்லை எனக்கு. வலது கையால் பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினேன், அவர் அடுக்கின பை, துண்டு, எலுமிச்சம்பழம், ஒருவேளை வேண்டும் என்று இரண்டு பிளாஸ்டிக் கவர், துண்டுக்கு அடியில் விரலில் ஏதோ சுருக்கென்று குத்தியது. காயில் கட்டுகிற செம்புக்கம்பி. ஒரு கட்டுக் காகிதத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அதனால் கட்டியிருந்தது. எங்கள் வீட்டு நாள் காலண்டரில் கிழித்த தாள்கள். தினமும் காலையில் கிழிப்பவர் அவர்தான், கிழித்து எங்கே போடுகிறார் என்று நான் பார்த்ததில்லை. அவிழ்த்தேன், ஒரு கையால் அவிழ்க்க நேரமாயிற்று. முன்பக்கம் நல்ல நேரம், ராசிபலன், பின்பக்கம் பென்சிலில் அவர் எழுத்து, கடையில் எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று என்று எழுதுவாரே, அதே குண்டு எழுத்து, ஒரு சுற்று குறைந்தாலும் மோட்டார் எரிந்துவிடும் என்று இரண்டு தடவை எண்ணி எழுதுகிற ஆள். 'இரவு 8.10. ஒரு தடவை. மாவு டப்பா திறந்தாள்.' அது அந்தச் செவ்வாய். 'இரவு 7.40. இரண்டு தடவை. நான் வைத்த உப்புமா.' 'மதியம் 1.30. ஒரு தடவை. தலை சுற்றல், கட்டிலைப் பிடித்தாள்.' வேறு சில தாள்களில் ஒரே வார்த்தை, 'இல்லை'. எண்ணிப் பார்த்தேன், இருபத்தெட்டுத் தாள், பதினொன்றில் மணியோடு எழுத்து, மீதி பதினேழில் இல்லை. முதல் நாளிலிருந்தே எழுதியிருக்கிறார், யாரும் கேட்காமலே. சொல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, துண்டுக்கு அடியில் வைத்து அனுப்பியிருக்கிறார். கண்ணைத் துடைக்க அந்தக் கைக்குட்டையை இன்னும் எடுக்கவில்லை என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஷர்மிளா சரியாக ஒன்பதே முக்காலுக்கு வந்தாள், "டைரி தர்றீங்களாம்மா" என்று கையை நீட்டினாள். டைரிமேல் தாள் கட்டை வைத்துக் கொடுத்தேன். "கண்ணு, அதுல இருக்கறது பொய். இதுல இருக்கறது நெசம்" என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். அவள் நின்றபடியே நாலு தாளைத் திருப்பினாள், டைரியைத் திருப்பினாள், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். காது சிவந்தது. "ஏம்மா" என்றாள். ஏன் என்றால் என்ன சொல்வது, "சுத்தமா இருக்குதுன்னு சொன்னீங்களே கண்ணு" என்றேன். "தப்பு என்மேலதான் பாதி" என்றாள், "டாக்டர்கிட்ட நானும் வந்து சொல்றேன்." அவர்கள் அனுப்பிவிடுவார்களா என்று கேட்டேன். தெரியாதும்மா, அது அவங்க கூடிப் பேசி முடிவு பண்றது, ஆனா இன்னிக்கு உங்க ரெண்டு பேருக்கும் ஊசி இல்ல என்றாள். சாயங்காலத்துக்குள் சொல்வார்களாம். சரி என்றேன், சரியில்லைதான், முட்டி வலித்தது. மேஜையில் வெள்ளை மை இருந்தது, அதைக் கொடு கண்ணு, பூஜ்யத்தையெல்லாம் அழிச்சுட்டு எழுதித் தர்றேன் என்றேன். பட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழிக்கவே கூடாதும்மா. இங்க தப்பா எழுதினா ஒரே ஒரு கோடுதான். முதல்ல எழுதினது என்னன்னு கீழ தெரியணும். பக்கத்துல சரியானதை எழுதி, கையெழுத்துப் போட்டு, இன்னிக்குத் தேதி போடணும். இதுதான் சுத்தம்." தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

முதல் கோடு கோணலாகத்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை வாந்தி, வட்டத்துக்கு நடுவே ஒரு கோடு, வட்டம் அப்படியே தெரிந்தது, பக்கத்தில் ஒன்று, ந. துளசிமணி, தேதி. ஏழாவது படித்த கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டாவது பக்கம், மூன்றாவது பக்கம். நாலாவது பக்கத்தில் கோடு நேராக வந்துவிட்டது. ஜமீலா அக்கா எப்போது எழுந்து உட்கார்ந்தார் என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் நிமிரவில்லை. "ஏண்டி துளசி" என்றார். டி போட்டு என்னை அவர் கூப்பிட்டதே இல்லை. "நாலு வாரமா நான் மட்டும்தான் சீக்காளின்னு நெனச்சு, தொழுகையில உட்கார்ந்து அழுதிருக்கேன், தெரியுமா உனக்கு." தெரியாதுக்கா என்றேன். "ஜம்முனு இருக்கறேன்னு சொன்னியே, அன்னிக்கு எத்தனை தடவை." தாளைத் தேடிப் பார்த்து, ரெண்டு தடவைக்கா, உப்புமா என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது, அழுகிறார் என்று நினைத்து எழப் போனேன், சிரிக்கிறார். "உப்புமாவா" என்றார், "ஆம்பள வெச்ச உப்புமாவுக்கு ஊசி வேற வேணுமா." அப்புறம் கட்டிலைவிட்டு மெதுவாக இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார், கட்டில் முனகியது, எழுத வாகாக டைரியின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "கோணாம போடு" என்றார். கோபம் போய்விட்டதா என்று கேட்கவில்லை. முழுசாகப் போயிருக்காது, ஆனாலும் தோள் என் தோளில் இடித்துக்கொண்டுதான் இருந்தது.

பதினொன்றும் முடிந்தது. மீதிப் பதினேழு பூஜ்யமும் உண்மையான பூஜ்யம்தான், அவற்றுக்குக் கோடு தேவையில்லை, அதைப் பார்க்க எனக்கே ஆறுதலாக இருந்தது. கட்டின் கடைசித் தாள் நேற்றையது. ஷர்மிளா அதை எடுத்துச் சத்தமாக வாசித்தாள். 'இல்லை. ஒன்றரை இட்லி. சிரித்தாள்.' வாசித்துவிட்டு, "சிரிச்சதுக்கு நம்ம டைரியில கட்டம் இல்லையேம்மா" என்றாள். அக்கா குனிந்து பார்த்து, "இருக்குதே, இத்தனை பெருசா" என்று விரலை வைத்துக் காட்டினார். வேறு ஏதாவது. இருபத்தெட்டுப் பக்கமும் காலியாக விட்ட கட்டம். அதில் எழுதினேன், ஒன்றரை இட்லி சாப்பிட்டேன், சிரித்தேன் என்று, பக்கத்தில் பெயர், தேதி. எதற்குச் சிரித்தேன் என்றுதான் எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. கீழே போனதும் அவரிடம் கேட்க வேண்டும், டீ குடித்தீர்களா என்று கேட்ட பிறகு.